நான் எண்ணாத தாள்

போன திங்கட்கிழமை காலை நூலகத்தின் மூன்றாம் மாடியில், புத்தகம் பழுதுபார்க்கும் அறைக் கதவைத் திறந்ததும் பசை மணத்தது. கோதுமை மாவைத் தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டு, அரிதட்டில் தேய்த்தெடுத்த பசை. முன்பொருமுறை அந்த அறைக்குள் தலையை நீட்டிய நீர், "ஆரப்பா இஞ்ச நோட்டீஸ் ஒட்டப் போறது?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தீர். திங்கட்கிழமை நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. தள்ளுவண்டியில் கொண்டுபோன பெரிய அட்லஸை மேசையில் இறக்கி வைத்தேன். அதன் பக்கத்தில், இரண்டு மட்டைகளுக்கு நடுவே, அதிலிருந்து கிழிபட்ட இலங்கைப் படத் தாள் கிடந்தது.

வந்துவிட்டது. களவு போய் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, நீர் போய் ஐந்து மாதத்துக்குப் பிறகு, அது வந்துவிட்டது.

பழுதுபார்க்கும் பெண் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, தாளின் உள் ஓரத்தைப் புத்தகத்தில் மிஞ்சியிருந்த விரலகல விளிம்போடு பொருத்திப் பார்த்தாள். கிழிந்த மேடு பள்ளமெல்லாம் சரியாகச் சேர்ந்தன. கடலோரம் ஒரு பச்சைப் பொட்டு, பாதி விளிம்பிலும் பாதி தாளிலுமாக இருந்தது. "இதேதான், இல்லையா?" என்று அவள் ஜேர்மன் மொழியில் கேட்டாள். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகுதான் "யா" என்றேன்.

உமக்கு இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன்.

கொலோன் பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு விடுதியில் அறைகள் துப்புரவாக்கும் வேலையில் உம்மைக் கண்டேன். இரண்டு பேரும் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் கைக்குழந்தைகளோடு அகதியாக வந்த பெண்கள். அதற்கு மேல் ஒற்றுமை ஒன்றும் இல்லை. நான் கட்டில் விரிப்பை மாற்றினால் மாற்றியதோடு சரி. நீர் விரிப்பின் நான்கு மூலையையும் அளந்ததுபோல மடிப்பீர். ஊரில் காணி அளக்கும் ஒரு சேர்வையரிடம் காணிப் படம் கீறிக்கொண்டிருந்தவர் நீர். "அரை நூல் தவறினால் அண்ணன் தம்பி வழக்குக்குப் போவினம்" என்று அந்தச் சேர்வையர் சொல்வாராம். அந்தக் கை உம்மை விட்டுப் போகவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நீர் படித்தீர். நாற்பது வயதில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பைச் செய்து, நூலகத்தின் புத்தகக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தீர். வாசகர்கள் கேட்கும் பழைய நூல்களை எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் சரிபார்த்து அடுக்குகிற வேலை. சில ஆண்டுகள் கழித்து அங்கே இன்னொரு இடம் காலியானபோது, விண்ணப்பத்தை என்னுடைய சமையலறை மேசையில் இருந்து நீர்தான் எழுதினீர். "கையெழுத்தை மட்டும் நீர் வையும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றீர். அப்படித்தான் நான் அங்கே வந்தேன்.

நான் வந்த முதல் கிழமையே அந்த அட்லஸை எனக்குக் காட்டினீர். பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி, கையால் நிறம் தீட்டிய புத்தகம். ஓராளாய் இலேசில் தூக்க முடியாத பாரம். முன்பக்கத்தில் உலகம் இரண்டு வட்டங்களாகக் கிடந்தது. நாலு மூலையிலும் நெருப்பு, காற்று, தண்ணீர், நிலம் என்று நாலு உருவங்கள். மேலே கோள்கள் ஆட்களாக மாறி மேகத்தில் சாய்ந்திருந்தன. கலிபோர்னியா தனித்தீவாக மிதந்தது. தெற்கே ஒருவரும் காணாத ஒரு கண்டம் அடிவானம் முழுக்கப் படர்ந்திருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினீர்.

"இஞ்ச பாரும். தெரிஞ்ச இடத்திலை ஊர்ப்பேரை நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறான். தெரியாத இடத்திலை யானையையும் சிங்கத்தையும் கீறி நிரப்பிப் போட்டான். எங்கட சேர்வையர் கண்டாரெண்டால் கிழிச்சுப்போடுவார். தெரியாட்டி வெறுமையா விடோணும்."

பிறகு தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி இலங்கைக்கு வந்தீர். தீவு நிமிர்ந்து நிற்கவில்லை, படுத்துக்கிடந்தது. அந்தப் படத்தில் கிழக்குத்தான் மேலே. அதனால் யாழ்ப்பாணம் இடது கைப்பக்க ஓரத்தில் இருந்தது. சிவப்பில் ஒரு சின்னக் கோட்டை, அதன் பக்கத்தில் சாய்வெழுத்தில் பெயர். கடலில் பாய் விரித்த இரண்டு கப்பல்கள். தலைப்பைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு யானையும், கறுவாப் பட்டை கட்டிச் சுமக்கும் இரண்டு மனிதர்களும். ஊரைப் பார்ப்பதற்கு நாங்கள் இரண்டு பேரும் கழுத்தைச் சரித்துக்கொண்டு நின்றோம். அதை ஒட்டி, நீர் பிறந்த சின்னத் தீவு பெயரில்லாத ஒரு பொட்டாக இருந்தது. "பேர் போடேல்லை. ஆனா இடம் சரி" என்றீர், திருப்தியாக.

"வடிவாத்தான் கிடக்கு" என்றேன் நான்.

"வடிவுக்குக் கீறேல்லையப்பா. காணி பிடிக்க வந்தவன் கீறின படம். ஆனா கை நல்ல கை."

அதன் பிறகு அந்தத் தொகுதி வாசகருக்காக எடுக்கப்படும் நாளிலெல்லாம் நீர் அந்தத் தாளில் ஒரு நிமிடம் நிற்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. மேலதிகாரியிடம் கேட்டு ஒரு நிழற்படம் எடுத்தீர். அதை வீட்டில் பெரிதாக்கி, மெல்லிய தாள் வைத்து, கூர்ப் பென்சிலால் கரையோரத்தை மட்டும் படியெடுத்தீர். அந்தப் படி உம்முடைய வேலைத்தள அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக வந்து அந்த அட்லஸைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாசகர், நரைத்த தலை, நல்ல சப்பாத்து, பணிவான பேச்சு, நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொன்னார். நல்ல மாலையாகட்டும் என்று வாழ்த்தினார். பழைய அட்லஸ் திரும்பி வந்தால் தாள்களை எண்ண வேண்டும். அந்தத் தொகுதியை ஒழுங்காக எண்ண அரைமணி நேரம் பிடிக்கும். நாலரைக்கு எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் குறித்த டேர்மின் இருந்தது, குடியுரிமைக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த டேர்மின். படிவத்தில் "தாள்கள் எண்ணப்பட்டன, குறைவில்லை" என்ற பெட்டியில் சரி அடையாளம் போட்டேன். புத்தகம் வந்த நேரத்துக்குக் கீழே, எண்ணி முடித்த நேரம் நாலு மணி என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ட்ராமைப் பிடித்தேன். டேர்மினுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு கிழமை கழித்து இன்னொருவர் அதே தொகுதியைக் கேட்டார். நீர் எடுத்தீர். நீர் எண்ணினீர். கொடுக்க முன்னும் எண்ணுவீர், வாங்கிய பின்னும் எண்ணுவீர். இலங்கை இருந்த இடத்தில் விரலகல விளிம்பு மட்டும் இருந்தது. நீர் அரைமணி நேரத்துக்குள் மேலே போய் அறிவித்தீர்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் என்னுடைய சரி அடையாளத்தால் நடந்தது. வாசகரிடமிருந்து புத்தகம் குறைவில்லாமல் திரும்பியது என்று படிவம் சொன்னது. அப்படியானால் தாள் போனது களஞ்சியத்துக்குள். களஞ்சியப் பூட்டின் திறப்பு நாலு பேரிடம் இருந்தது. அந்த நாலு பேரில் ஒருவருடைய அலுமாரிக் கதவில் அதே தாளின் பென்சில் படி ஒட்டியிருந்தது. அப்போதிருந்த பிரிவுத் தலைவர் உம்மிடம், இத்தனை படங்களுக்குள் ஏன் இந்தப் படம் என்று கேட்டார். "என்னுடைய ஊர் அதில் இருக்கிறது" என்று நீர் சொன்னீர். உள்ளதைச் சொன்னீர். அவர் அதை எழுதிக்கொண்டார்.

என்னையும் கூப்பிட்டார்கள். "நீங்கள் தாள்களை எண்ணினீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. என்னுடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது. நிரந்தரமாக்கும் கடிதம் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அந்தக் கடிதம் இல்லாமல் அன்ட்ராக் நகராது. இதையெல்லாம் நான் அந்த நேரம் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஒன்றையும் யோசிக்கவில்லை. "யா" என்றேன். கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

மறுநாள் சாப்பாட்டறையில் எனக்கு எதிரே வந்து இருந்தீர். பாணைப் பிரித்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் கேட்டீர்.

"நீர் எண்ணினனீரோ?"

"ஓம். எண்ணினனான்."

நீர் என்னைப் பார்த்தீர். அதிக நேரம் இல்லை.

"சரி" என்றீர். பிறகு பாணைச் சாப்பிட்டீர்.

ஆதாரம் இல்லை என்பதால் வழக்கு இல்லை. திறப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உம்மைக் கீழே வாசலில், மேலங்கிகளையும் குடைகளையும் வாங்கி வைத்து இலக்கத்தகடு கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அந்த மாதம் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு கடவுச்சீட்டும் வந்தது. கடவுச்சீட்டு வந்த அன்று நீர் பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டு வந்தீர்.

ஏழு ஆண்டு. காலையில் ஒரே ட்ராமில் வந்தோம், மாலையில் ஒரே ட்ராமில் போனோம். என் மகனுடைய கலியாணத்தில் நீர்தான் முன்னுக்கு நின்றீர். "இண்டைக்கு என்ன எடுத்தவை?" என்று திரும்பும்போது கேட்பீர். இன்ன அட்லஸ், இன்ன தொகுதி என்று சொல்வேன். "அதிலை ஐஸ்லாந்து நல்ல வடிவு, என்ன? கடல் பிசாசெல்லாம் இருக்கும்" என்பீர். களஞ்சியத்துக்குள் நீர் பிறகு ஒருநாளும் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை, நீர் மேலங்கி வாங்கி வைத்த ஒரு பேராசிரியை மேலே வந்து அதே அட்லஸைக் கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

பழகிவிட்டது. அதைத்தான் உமக்கு ஒளிக்காமல் எழுத வேண்டும். முதல் ஆண்டு நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. பிறகு அது எங்கே இருக்கிறது என்று தேடினாலும் கிடைக்கவில்லை.

மாசியில் உமக்குக் கணையத்தில் வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். பங்குனி கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தீர். ஒரு போத்தலில் ரசம் கொண்டுவந்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, நான் கேட்காமலேயே அந்தத் தாளைப் பற்றிப் பேசினீர்.

"எரிஞ்சது எண்டால்தான் போனது. ஊரிலை எரிஞ்ச புத்தகமெல்லாம் போனது போனதுதான். இது களவு போனது. எங்கையோ ஒரு சுவரிலை இருக்கும். ஒரு நாளைக்கு வரும்."

அப்போது நான் வாயைத் திறந்தேன். "நான் உமக்கு ஒரு விசயம் சொல்லோணும்" என்றேன். தாதி உள்ளே வந்து இரத்த அழுத்தம் பார்த்தாள். அவள் போன பிறகு நான் மறுபடி தொடங்க முன்னமே நீர் கையை இலேசாக உயர்த்தினீர்.

"பிறகு சொல்லும். எனக்கு நித்திரை வருது."

நான் போத்தலை மூடினேன். அந்தப் "பிறகு" எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உமக்குத் தெரியாது. வரும் வழியில் கடைக்குப் போய் மரக்கறி வாங்கினேன். நாலாம் நாள், நீர் போய்விட்டீர் என்று உம்முடைய மகள் தொலைபேசியில் சொன்னாள்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். வேறொரு நகரத்தில், அந்த நரைத்த மனிதரின் வீட்டில் பொலிஸ் தேடியபோது, பல நூலகங்களின் படங்கள் கிடைத்தனவாம். எந்தப் படம், எந்த நூலகம், எந்த நாள் என்று அவர் ஒரு கொப்பியில் அழகாக எழுதியும் வைத்திருந்தாராம். வாயில் நனைத்த நூலிழையைத் தாளின் மடிப்பில் வைத்து, ஊறிய பிறகு சத்தமில்லாமல் கிழிப்பாராம். எங்கள் தாளுக்கு நேரே அந்தச் செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தது. இதைப் புதிய பிரிவுத் தலைவி பழுதுபார்க்கும் அறையில் வைத்து எல்லோருக்கும் சொன்னாள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய படிவத்தை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை நான் அவளுடைய அறைக்குப் போனேன்.

"அன்றைக்கு நான் தாள்களை எண்ணவில்லை. எண்ணியதாக அடையாளம் போட்டேன். கேட்டபோதும் பொய் சொன்னேன்."

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். இரண்டு வருடத்துக்கு முன் வந்தவள், உம்மை வாசல் மேசையில் மட்டும்தான் தெரியும். திரும்ப வந்து இருந்துகொண்டு, "அது பழைய கதை. அந்த அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. நீங்களும் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறீர்கள். இதை இப்படியே விட்டுவிடலாமே" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"அவருடைய கோப்பில் இதை எழுத வேண்டும்" என்றேன்.

"ஆட்களின் கோப்புகளை நாங்கள் நீண்ட காலம் வைத்திருப்பதில்லை. எப்படியும் அழித்துவிடுவோம்."

"அட்லஸுக்குக் கோப்பு இருக்கிறதா?"

"இருக்கிறது. அதை அழிப்பதில்லை."

அங்கேயே இருந்து ஒரு பக்கம் எழுதினேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்து உடனே அறிவித்தவர் நீர் என்று உம்முடைய முழுப் பெயரையும் எழுதினேன். எண்ணாமல் கையெழுத்து வைத்தவள் நான் என்று என் பெயரையும் எழுதினேன். அவள் வாசித்தாள். ஒரு ஜேர்மன் சொல்லுக்கு முன்னால் 'டெர்' வரவேண்டிய இடத்தில் 'டி' போட்டிருந்தேன். அதைப் பென்சிலால் திருத்தினாள். பிறகு பிரதி எடுத்து ஒன்றை எனக்குத் தந்தாள். எனக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. கதவு வரைக்கும் வந்து கையைப் பிடித்து விடை கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு டோர்ட்மண்டுக்கு, உம்முடைய மகள் வீட்டுக்குப் போனேன். உம்முடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "வாங்கோ அன்ரி" என்றாள், தேத்தண்ணி வைத்தாள். நான் பிரதியை மேசையில் வைத்தேன். அவள் நின்றபடியே வாசித்து முடித்தாள்.

"நாலு மணிக்கு மூண்டு நிமிசம் இருக்கேக்கை புத்தகம் வந்தது. நாலு மணிக்கு நீங்கள் கையெழுத்து வைச்சனீங்கள்" என்றாள்.

அந்தப் பக்கத்தில் நான் நேரம் எழுதவில்லை.

"இது உங்களுக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"அம்மாவை விசாரிக்கேக்கை அந்தப் படிவத்தைக் காட்டினவை. அண்டைக்கே வீட்டை வந்து சொன்னவா. மூண்டு நிமிசத்திலை அதை ஒருத்தராலும் எண்ண ஏலாது எண்டு."

"பிறகேன் அவா அங்கை சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான். 'அவவுக்கு அண்டைக்கு டேர்மின் இருந்தது. நான் சொன்னால் அவவின்ர வேலை போயிடும். அவ தானாச் சொல்லுவா, கொஞ்ச நாள் பொறு' எண்டவா." அவள் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "உங்கட வீட்டை அம்மா வந்திட்டு வரேக்கையெல்லாம் நான் கேப்பன், அவ சொன்னவவோ எண்டு. இல்லை எண்டுவா. கொஞ்ச வருசம் கேட்டன். பிறகு கேக்கிறேல்லை."

நான் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"ஆஸ்பத்திரியிலை நீங்கள் ரசம் கொண்டுவந்த அண்டைக்கும் கேட்டனான். 'சொல்ல வெளிக்கிட்டவ, நான்தான் மறிச்சுப்போட்டன். இனி அதைக் கேட்டு நான் என்ன செய்யிறது' எண்டவா."

தேத்தண்ணியைக் குடித்தேன். சூடாக இருந்தது. சீனி போட்டிருந்தாள். நான் சீனி போடுவதில்லை என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், மறந்திருக்கலாம். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அன்ரி, இனி வராதேங்கோ. கோவத்திலை சொல்லேல்லை. ஆனா வராதேங்கோ."

"ஓம் பிள்ளை" என்றேன்.

ரயிலில் யன்னலோர இருக்கை கிடைத்தது. டோர்ட்மண்டிலிருந்து கொலோன் வரைக்கும் ஒன்றும் நினைக்காமல் வந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து உடுப்பு மடித்தேன். இப்போது இதை எழுதுகிறேன்.

நீர் என்னை மன்னித்தீரா என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை. அந்தச் சொல்லை நீர் ஒருவரிடமும் சொல்லவில்லை, உம்முடைய பெயரில் அதை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ட்ராமில், என் சமையலறையில், என் மகனுடைய கலியாணத்தில், நீர் என் பக்கத்தில் இருந்த நேரமெல்லாம் நான் பேசுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தீர். நான் மரக்கறி விலையையும் மழையையும் பற்றிப் பேசினேன். நீர் பதில் சொன்னீர். ஒரு தடவைகூட முகம் கொடுக்காமல் இருந்ததில்லை.

உம்முடைய அந்தக் காத்திருப்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வைத்திருக்கிறேன்.